திங்கட்கிழமைக் கறை

தான் சொன்னது தப்பு என்று பெர்னடின் குக்லாவுக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. கார் அப்போது அவள் ரிப்பேர் கடையில், வண்டியைத் தூக்கும் லிப்ட்டில் ஏறித் தலைக்கு மேலே நின்றிருந்தது. கியர்பாக்ஸைத் தாங்கி இறக்குகிற உயரமான ஜாக்கியை அவளுடைய சித்தப்பா மகன் ஜெரோம் உருட்டிக்கொண்டு வந்து அடியில் நிறுத்தியிருந்தான். ஆயில் ஒழுகாமல் அடைக்கிற புது ரப்பர் சீல் பொட்டலம் மேஜைமேல் பிரிக்கப்படாமல் கிடந்தது. இரண்டு நாள் பிடிக்கும் வேலை என்பதால் மற்ற வண்டிக்காரர்களையெல்லாம் வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியாயிற்று.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால், அது எஞ்சினோடு சேரும் இடத்தில் கீழ்ப்பக்கம் இருக்கிற சின்னத் தகர மூடியைக் கழற்ற வேண்டும். நாலே போல்ட். கழற்றினாள். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பெரிய இரும்பு உருளை உள்ளே தெரிந்தது. உருளைக்குப் பின்னால் இருக்கும் சீல் போய்விட்டது, ஆயில் அந்த வழியாகத்தான் ஒழுகுகிறது என்பது ஐந்து நாளைக்கு முன்னால் அவள் சொன்ன தீர்ப்பு. அது சரியாக இருந்தால், உருளை சுற்றுகிற வேகத்தில் உள்சுவரெல்லாம் கியர்பாக்ஸின் சிவப்பு ஆயில் தெறித்திருக்க வேண்டும். பெர்னடின் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலில் வந்தது வெறும் தூசி. முப்பத்துநாலு வருடத்துத் தூசி, மாவுபோல உலர்ந்து.

"என்ன?" என்றான் ஜெரோம்.

"காஞ்சு கிடக்கு."

"எது?"

"உள்ளே எல்லாமே. நான் சொன்னது தப்பு, ஜெரோம்."

ஜெரோம் குனிந்து பார்த்தான். அவனும் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு ஜாக்கியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டான்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. இறக்கி அந்த சீலை மாத்தித் தள்ளிடுவோம். முப்பது வருஷம் கடந்த வண்டி, அந்த சீலும் எப்படியும் ஒரு நாள் போகப்போறதுதானே. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"அவருக்கு."

"அவருக்குத் தெரியவா போகுது?"

"அடுத்த வாரம் மறுபடியும் கீழே சொட்டும்போது தெரியும். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

ஜெரோம் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய் மூலையில் விட்டான். சக்கரம் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்ட சத்தத்திலேயே அவன் எரிச்சல் தெரிந்தது.

கார், நார்பர்ட் ஜெலின்ஸ்கி என்பவருடையது. தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஸ்டேஷன் வேகன். இரு பக்கமும் மரப்பலகை மாதிரி ஒட்டியிருந்த பட்டை பாதி உரிந்துபோய், பின்பக்கம் பிணப்பெட்டியே நுழையும் அளவுக்கு நீளம். நார்பர்டுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பெர்னடின் ஆறு வயதிலிருந்து அவருடைய பஸ்ஸில்தான் போய்வந்தாள். அதனால் தனக்கு ஐம்பத்தேழு வயதான பிறகும் அவளுக்கு அவர் 'மிஸ்டர் ஜெலின்ஸ்கி'தான். மற்றவர்களைப்போலப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது.

அவர் மனைவி டெல்ஃபினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம். திங்கள், புதன், வெள்ளி நடுப்பகலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். இடுப்பெலும்பு ஒரு முறை முறிந்து கூடியவர். புதுக் கார்களில் உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்பார். பிக்கப் வண்டி என்றால் ஏணி வேண்டும். இந்த வேகனின் இருக்கைதான் அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி, அப்படியே உட்கார்ந்துவிடலாம். தங்கள் ஊரான பே சிட்டி முழுவதும் தேடினாலும் இதைப்போல இன்னொரு இருக்கை கிடைக்காது என்று நார்பர்ட் சத்தியம் செய்வார்.

போன இலையுதிர் காலத்தில்தான் சொட்ட ஆரம்பித்தது. நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த முதல் கடையில் கியர்பாக்ஸுக்கு அடியிலிருக்கும் ஆயில் தட்டின் இடுக்கை அடைக்கிற கேஸ்கெட்டை மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. இரண்டாவது கடைக்காரர் டுவைட் ஹாஸ், கீழே குனிந்துகூடப் பார்க்காமல், கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்துக் கட்டவேண்டும், அதற்கு வண்டியைத் தூக்கிப் போட்டுவிடுவதே மேல் என்றார். மூன்றாவதாகத்தான் பெர்னடினிடம் வந்தது. அவள் நன்றாகத்தான் பார்த்தாள். ஆயிலைத் தொட்டு முகர்ந்தாள். சிவப்பு மாறவில்லை, கருகிய வாடை இல்லை, ஆகவே கியர்பாக்ஸ் ஆரோக்கியமாக இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒரு சிவப்புத் துளி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அப்படித் துளி தொங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை, அந்த உருளைக்குப் பின்னால் இருக்கிற, கியர்பாக்ஸின் முன் சீல்தான். அவளும் முன் சீல் என்று சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொன்னதுதான் இப்போது அவளை அரித்தது. ஏனென்றால், ஒழுகல் தெரிகிற இடத்தை நம்பக்கூடாது என்பதை அந்த ஊரில் அவளைவிட அறிந்தவர் கிடையாது.

பத்தொன்பது வயதில் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பதினெட்டு வருடம் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலை பார்த்தாள். கட்டி முடித்த கியர்பாக்ஸின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. சேர்ந்த புதிதில் குமிழி எழும்பிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு அனுப்புவாள். அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பி வரும். குமிழி நேராக மேலே வருவதில்லை என்பதை அவளாகவே பார்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். ஓட்டையிலிருந்து கிளம்பி, இரும்பின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டே ஒரு சாண் தூரம் ஊர்ந்து, விளிம்பு கிடைத்த இடத்தில்தான் விடுபட்டு மேலே வரும். கிளம்பும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீரில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, கண் சிமிட்டாமல் நிற்க வேண்டும். அவள் நின்றாள். மற்றவர்கள் மணிக்கு ஒரு தடவை சிகரெட்டுக்கு வெளியே போவார்கள், அவள் போனதில்லை. அவள் பார்த்து அனுப்பிய கியர்பாக்ஸ் ஒன்றுகூட ஒழுகலென்று திரும்பிவரவில்லை என்று கடைசி மேற்பார்வையாளர் பிரிவுபசார நாளில் மைக்கில் சொன்னார்.

தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. கணவன் லாயிட் தெற்கே டென்னசியில் இருந்த கம்பெனியின் இன்னொரு ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அங்கே ஆறு உறையாது" என்று மட்டும் சொன்னாள். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் கொட்டகை போட்டு மீன் பிடிப்பவள் அவள். அதனால் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டார்கள். உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெரோமும் அவளும் சேர்ந்து, ஐஸ்கிரீம் வண்டிகளை நிறுத்திவைத்திருந்த பழைய கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டார்கள். முதல் இரண்டு வருடம் உள்ளே வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய் ஜெரோமிடம்தான் பேசுவார்கள். ஜெரோம் துடைத்த கையைத் திரும்பத் துடைத்துக்கொண்டே, "எனக்கு பிரேக்கு மட்டும்தான் தெரியும். கியர்பாக்ஸுன்னா அவகிட்ட கேளுங்க. அவ சும்மா பேச மாட்டா, கேட்டாத்தான் பேசுவா" என்பான். பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் அவளைத் தேடியே வர ஆரம்பித்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நார்பர்டுக்கு போன் போட்டாள்.

"மிஸ்டர் ஜெலின்ஸ்கி, பெர்னி பேசறேன். கியர்பாக்ஸை இறக்கல. முன் சீல் இல்லை அது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் டிவியின் சத்தம் அணைந்தது.

"நீ மூணாவது ஆளு," என்றார் நார்பர்ட். "முதல் ஆளு கேஸ்கெட்டுன்னான். ரெண்டாவது ஆளு காயலான் கடைக்குத் தள்ளுன்னான். நீ சீல்னு சொன்னே. இப்ப அதுவும் இல்லைங்கிறே. நாளைக்கு என்ன சொல்லுவே, பேய் பிடிச்சிருக்குன்னா?"

"தெரியலைன்னு சொல்லுவேன். இன்னிக்கு எனக்குத் தெரியல."

"இதைச் சொல்லவா போன் பண்ணினே?"

"ஆமாம்."

"நாளைக்கு டெல்ஃபினை யார் கூட்டிட்டுப் போவா?"

"நான் வர்றேன். வண்டி இன்னிக்கு இங்கேயே நிக்கட்டும். அடியில காகிதம் விரிச்சு வைக்கறேன்."

புதன்கிழமை காலை காகிதத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. அது அவளை இன்னும் குழப்பியது. அவர்கள் வீட்டில் தினமும் சொட்டுகிறதாகச் சொல்லப்படும் கார், இங்கே ராத்திரி முழுக்க நின்றும் ஒரு துளி விடவில்லை. ஜெரோம் காபிக் கோப்பையோடு வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைப் பார்த்து பயந்துடுச்சு" என்றான்.

பதினொன்றரைக்கு அவள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஜெலின்ஸ்கி வீட்டுக்குப் போனாள். டெல்ஃபின் ஏறுவதற்காகப் பால் பாட்டில்கள் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்தாள். நார்பர்ட் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். டெல்ஃபின் மேலே ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் கீழே பார்த்து, "இங்கேயிருந்து பாத்தா உன் வழுக்கை நல்லாத் தெரியுது, நார்பர்ட்" என்றார். "நீ வீட்டிலயே இரு. நாலு மணி நேரம் அந்த அறையில உன் முகத்தையே பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

பாலத்தில் ஏறியதும் டெல்ஃபின்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"பாவம், உன்னை நல்லாத் திட்டிட்டானா?"

"திட்டல. கேட்டாரு. நியாயமாத்தான் கேட்டாரு."

"எல்லாருமே அவன்கிட்டத்தான் கேக்கறீங்க. அவனுக்கு என்ன தெரியும்? ஸ்டியரிங்கைப் பிடிச்சா அவன் கண்ணு ரோட்டுல இருக்கும். இறங்கினா டிவியில இருக்கும். அந்தக் கறையைப் பாக்கறது நான். என் ஜன்னலுக்கு நேரா அதுதானே இருக்கு."

பெர்னடின் பிக்கப்பின் வேகத்தைக் குறைத்தாள். "என்ன பாத்தீங்க?"

"திங்கட்கிழமைக் கறைதான் பெரிசு."

"திங்கட்கிழமையா?"

"புதன், வெள்ளி எல்லாம் சும்மா இத்தனூண்டு." டெல்ஃபின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். "திங்கட்கிழமை சாப்பாட்டுத் தட்டு மாதிரி. இதை முதல் கடைக்காரன்கிட்ட சொன்னேன். பாட்டி கதை சொல்றான்னு நினைச்சுக்கிட்டு தலையை ஆட்டினான்."

"சனி, ஞாயிறு வண்டியை எடுக்க மாட்டீங்களா?"

"எதுக்கு? சர்ச்சு அடுத்த தெருவுல. அவன் நடந்துபோவான். நான் ரேடியோவுல கேட்டுப்பேன்."

பெர்னடின் டயாலிசிஸ் மையத்தில் டெல்ஃபினை இறக்கி, நாற்காலிவரை கொண்டுபோய் விட்டு, கோட்டை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, பிக்கப்பில் சாவியைப் போடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நிற்கும் கார் திங்கட்கிழமை நடுப்பகல் வரை நிற்கிறது. கிட்டத்தட்ட மூன்று நாள். நிற்கிற நாள் கூடக்கூட ஒழுகல் கூடுகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இரும்பு உருளை வயிறு நிறைய ஆயிலைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி நின்று நாளானால் அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து கீழே தட்டுக்கு வந்து சேரும். தட்டில் மட்டம் ஏறும். ஓடும் வண்டியில் நனையாத இடமெல்லாம் நிற்கும் வண்டியில் நனையும். அப்படியானால் ஓட்டை இருப்பது அடியில் இல்லை. கொஞ்சம் மேலே எங்கேயோ, பக்கவாட்டில். லிப்ட்டில் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் அது எந்தக் காலத்திலும் தெரியாது. அவளும் அப்படித்தான் பார்த்தாள். முதல் கடையிலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் டெல்ஃபினைத் திரும்பக் கொண்டுவிட்டபோது, "அந்தக் கறை விழற இடத்தைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

வீடு ஆற்றங்கரையில். தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை கார் நிறுத்தும் பாதை ஆற்றை நோக்கிச் சரிந்து போனது. நார்பர்ட் எப்போதும் மூக்கை ஆற்றுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார். பெர்னடின் அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் நார்பர்ட், வாசலிலிருந்து.

"ஒண்ணுமில்ல. பின்னாடி எங்கேயோ ஒழுகறது முன்பக்கம் ஓடிவந்து சொட்டுது, மிஸ்டர் ஜெலின்ஸ்கி. வண்டி தலை குனிஞ்சு நிக்குது. நான் சொட்டற இடத்தைப் பாத்து ஏமாந்தேன்."

டெல்ஃபின் நார்பர்டை அனுப்பிக் கார் ஷெட்டிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்துவரச் செய்தார். பீட்சா பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிக் காருக்கு அடியில் போட்டவை அவை. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் கிழமையும் எழுதியிருந்தது. காயலான் கடைக்குத் தள்ளச் சொன்னவன் முகத்தில் ஒரு நாள் விட்டெறிவதற்காகச் சேர்த்து வைத்தேன் என்றார். பெர்னடின் அவற்றைச் சமையலறைத் தரையில் பரப்பினாள். பதினோரு வாரத்து அட்டைகள். திங்கட்கிழமைகளை ஒரு வரிசையாக வைத்தபோது நார்பர்டே குனிந்து பார்த்தார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொன்னேன். நீ ஹாக்கி பாத்துட்டிருந்தே."

கடைக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னதும், சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று ஜெரோம் நினைத்தான். "கண்டுபிடிச்சாச்சே, பக்கவாட்டுல இருக்கற சீல் எல்லாத்தையும் மாத்திட்டாப் போச்சு" என்றான். பெர்னடின் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் ஆயில் கசியக்கூடிய இடம் நாலு இருந்தது. போன வாரம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று பேசித்தான் மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்கப் போவதில்லை என்றாள்.

வியாழக்கிழமை காரின் அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்தாள். வெள்ளிக்கிழமை டெல்ஃபினை மையத்தில் விட்டு வந்ததும், காரை அரை மணி நேரம் ஊரைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கி, ஜெலின்ஸ்கி வீட்டுச் சரிவில் அவர் நிறுத்துகிற அதே இடத்தில், அதே மாதிரி மூக்கை ஆற்றுப் பக்கம் வைத்து நிறுத்தினாள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். நார்பர்ட் பனியை வாரி ஒதுக்கிக் கொடுத்தார். அட்டையை விரித்து, ஐம்பத்தேழு வயது உடம்பை மல்லாக்கக் காருக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனாள். ஆற்றிலிருந்து வந்த காற்று காது மடலை அறுத்தது. சாலையில் ஒட்டிய ஈரத்தையெல்லாம் துணியால் ஒற்றி எடுத்தாள். மறுபடியும் கழுவினாள், காயவிட்டாள். பிறகு, ஆயில் ஊர்கிற தடம் தெரிவதற்காக, கால்விரல் இடுக்கில் புண் வந்தால் அடிக்கிற வெள்ளைப் பவுடர் ஸ்பிரே இரண்டு டப்பாவைக் கியர்பாக்ஸ் முழுவதும் அடித்தாள். வெளியே வந்தபோது அவள் புருவம், மூக்கு, தொப்பி எல்லாம் வெள்ளை.

"முடிஞ்சுதா?" என்றார் நார்பர்ட்.

"முடிஞ்சுது. திங்கட்கிழமை காலையில வர்றேன். அதுவரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. சாவியைக் குடுங்க."

"என் வண்டிச் சாவியை என்கிட்டயே கேக்கறியா?"

"ஆமாம். பஸ்ஸுல என் சூயிங்கத்தை எத்தனை தடவை பிடுங்கி வெச்சிருக்கீங்க. குடுங்க."

கொடுத்துவிட்டார்.

சர்ச்சுக்குப் போகிறவர்கள் இறைச்சி விலக்குகிற விரத காலத்து வெள்ளிக்கிழமை அது. சாயங்காலம் ஊரில் பாதி சர்ச் கூடத்தில் மீன் வறுவலுக்குக் கூடியிருந்தது. டுவைட் ஹாஸ் தட்டோடு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். செய்தி அவருக்கு எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

"பெர்னி, கேள்விப்பட்டேன்," என்றார், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "நார்பர்ட் காருக்கு வேர்க்குருவாமே. பவுடர் போட்டுவிட்டியாமே. தாலாட்டும் பாடினியா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. பெர்னடின் தட்டில் முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டாள்.

"நீ குழந்தையைக் குப்பைத்தொட்டியில போடச் சொன்னே டுவைட். நான் பவுடராவது போட்டேன்."

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. டுவைட்டும் சிரித்தார், அவர் அப்படியொன்றும் கெட்ட ஆள் இல்லை. ஆனால் பெர்னடின் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமையும் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். இந்த ஊர் அவளை நம்ப எடுத்துக்கொண்ட வருடங்கள் அவளுக்கு நினைவிருந்தன. தெரியவில்லை என்று ஒரு வாரத்தில் இரண்டு தடவை சொன்னால் எத்தனை பேர் தேடி வருவார்கள் என்றும் யோசித்தாள். சனிக்கிழமை ஆற்றுக்குப் போய் மீன் கொட்டகையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் போனாள். தூண்டிலை ஒரு தடவைகூட அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று பக்கத்துக் கொட்டகைக்காரர் பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போனாள். அட்டையை விரித்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, அடியில் போனாள்.

வெள்ளை வெளேரென்று இருந்த இரும்பில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. கியர் மாற்றும் கம்பி வந்து சேருகிற தண்டு, கியர்பாக்ஸின் இடுப்பில் ஒரு துளை வழியாக உள்ளே நுழையும். அந்தத் தண்டைச் சுற்றிப் பிறை மாதிரி சிவப்பு. அங்கிருந்து கோடு கீழே இறங்கி, ஆயில் தட்டின் விளிம்பைத் தொட்டதும் திரும்பி, சரிவோடு முன்பக்கமாக இரண்டு சாண் தூரம் ஓடி, எஞ்சின் சேரும் இடத்தில் போய்த் துளியாகத் தொங்கியது. மற்ற மூன்று இடங்களிலும் பவுடர் கலையவில்லை. முன் சீல் பக்கத்திலும் எதுவும் இல்லை. பெர்னடின் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, கோட்டைத் துளியிலிருந்து தண்டுவரை ஒரு முறையும், தண்டிலிருந்து துளிவரை ஒரு முறையும் பார்த்தாள். அவசரப்படவில்லை. குளிரே தெரியவில்லை.

"மிஸ்டர் ஜெலின்ஸ்கி," என்று கூப்பிட்டாள். "உங்களால படுக்க முடியுமா?"

"படுக்க முடியும். எந்திரிக்க முடியுமான்னு அப்புறம் பாக்கலாம்."

அவர் இன்னொரு பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்தார். இருவரும் அருகருகே மல்லாந்து கிடந்தார்கள். அவள் விரலால் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். ஒரு ரப்பர் வளையம். முப்பத்துநாலு வருஷத்துல இறுகிப்போச்சு. கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். வெளியிலிருந்தே நோண்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுடலாம்."

வாசல் கதவைத் திறந்துகொண்டு டெல்ஃபின் நின்றிருந்தார், தோளில் போர்வையோடு. "என்ன ஆச்சு? ரெண்டு பேரும் அங்கேயே தூங்கிட்டீங்களா?"

"நீங்க சொன்னதுதான்," என்று காருக்கு அடியிலிருந்தே பெர்னடின் குரல் கொடுத்தாள். "திங்கட்கிழமைதான்."

"அதை நான் நவம்பர்லயே சொன்னேன்," என்றார் டெல்ஃபின். "எழுப்பறதுக்கு ஆள் வேணுமா, நார்பர்ட்?"

ஆள் வேண்டித்தான் இருந்தது. பெர்னடின் அவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

அன்றைக்கு மத்தியானம், டெல்ஃபினை பிக்கப்பில் மையத்தில் விட்டு வந்ததும், கடையில் அந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கழற்றிய வளையம் கையில் பிளாஸ்டிக்போல விறைத்திருந்தது. வளைத்ததும் இரண்டாக உடைந்தது. கம்பியைத் திரும்ப மாட்டி, கியர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பத்துத் தடவை போட்டுப் பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை வீணான நேரத்துக்கோ, பவுடருக்கோ, பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போனதற்கோ எதுவும் வாங்க மாட்டேன் என்றாள். நார்பர்ட் சண்டை போட்டார். அவள் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒன்றைத்தான் ஜெரோம் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்கிறான். மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் சாப்பாட்டு நேரத்தில் அவள் டுவைட் ஹாஸின் கடைக்குப் போனாள். வம்பளக்கப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டு கூடவே போனான். பெர்னடின் உடைந்த வளையத்தை டுவைட்டின் மேஜைமேல் வைத்தாள்.

"மிஸ்டர் ஜெலின்ஸ்கி வண்டி. கியர் தண்டு சீல். நாள் கணக்கா நின்னாத்தான் ஒழுகுது. சரிவுல நிறுத்தினதால முன்னாடி வந்து சொட்டிச்சு. நானும் முதல்ல முன் சீல்னுதான் சொன்னேன். இறக்கறதுக்கு ஜாக்கி வரைக்கும் வெச்சாச்சு. உன்கிட்ட இந்த மாதிரி இன்னொண்ணு வந்தா தெரிஞ்சிருக்கட்டும்னு வந்தேன்."

டுவைட் வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர் போலத்தான் இருந்தது. பிறகு வளையத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"டெல்ஃபின்தான் கண்டுபிடிச்சாங்க. நான் பவுடர் அடிச்சேன்."

திரும்பி வரும் வழியில் ஜெரோமுக்குப் பொறுக்கவில்லை. "அவன்கிட்ட போய் உன் தப்பை ஏன் சொல்றே? ஊரெல்லாம் சொல்லித் திரியப்போறான்."

"சொல்லட்டுமே. நடந்ததுதானே."

டுவைட் சொல்லித்தான் திரிந்தார். ஆனால் அவர் வாயில் கதை வேறு மாதிரி வந்தது. அந்த வசந்தத்தில் அவர் கடையிலிருந்தே மூன்று பேர், இடம் தெரியாத ஒழுகலோடு, பெர்னடினிடம் அனுப்பப்பட்டு வந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையில் போன் அடித்தது. டெல்ஃபின்.

"பெர்னி, ஒண்ணுமில்ல."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். அட்டையில ஒண்ணுமே இல்ல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். நார்பர்ட் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தான்."

"நல்லது."

"இன்னொரு விஷயம். வெள்ளிக்கிழமை நீ சும்மா இருப்பியா, பதினொன்றரைக்கு?"

"வண்டிதான் சரியாயிடுச்சே?"

"வண்டி சரியாயிடுச்சு. நார்பர்ட் சரியாகல. மூணு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் என் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கான். ஒரு நாளாவது அவன் ஆத்துப்பக்கம் போய் மீன் பிடிக்கட்டும். அவனாக் கேக்க மாட்டான். நான் கேக்கறேன்."

பெர்னடின் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பதினொரு மணிக்கு ஒருவருக்குக் கியர்பாக்ஸ் பார்ப்பதாக எழுதியிருந்தது. ஜெரோமைப் பார்த்தாள். அவன் பிரேக் டிரம்மைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன என்று புருவத்தை உயர்த்தினான்.

"வர்றேன்," என்றாள். "வேகனையே எடுத்துட்டுப் போகலாம். உங்க இருக்கை அதுலதானே இருக்கு."

"சாவியை அவன்கிட்டேருந்து நீதான் வாங்கணும்," என்றார் டெல்ஃபின். "எனக்குக் குடுக்க மாட்டான்."